நின்ற பிறகு வந்த தீட்டு

கூடலூர்
12-3-1938

அன்புத் தோழி சுகிர்தத்துக்கு,

மதுரையில் போர்டிங் பள்ளி டீச்சராகிவிட்டாய். கூடப் படித்த கூடலூர்க்காரியை மறந்துவிட்டாய். இருக்கட்டும். ஒரு சிரிப்பான சமாச்சாரம் கேள். தூரம் நின்று இரண்டு வருஷமான எனக்கு மறுபடி தீட்டுப் படுகிறது. வயது திரும்புகிறது போல!

வீட்டில் மூச்சுவிடவில்லை. சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பொங்கல் வைக்க இந்த முறை என்னைச் சொல்லியிருக்கிறார்கள். தீட்டு நின்றவள்தான் வைக்கவேண்டும். தெரிந்தால் வேறொருத்திக்குப் போய்விடும்.

அக்கம்மாள்


மதுரை
16-3-1938

பிரியமுள்ள அக்கம்மா,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்குள்ள டாக்டரம்மாவிடம் கேட்டேன். நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியாகவேண்டுமாம். கர்ப்பப்பை வாயில் புற்றாக இருக்கலாமாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் பிழைக்க வழியுண்டு என்கிறார். பொங்கலை எவளாவது வைக்கட்டும். நீ உடனே பஸ் ஏறு.

உன் சுகிர்தம்


கூடலூர்
2-6-1938

சுகிர்தம்,

பொங்கல் வைத்துவிட்டு வந்ததற்கு நீ திட்டியதெல்லாம் சரி. பட்டணத்து ரேடிய வைத்தியத்துக்கும் காலம் தப்பிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை வயதில் கல்யாணம் என்றாரே; பதிமூன்று. எத்தனை பேறு, ஒன்பது. அப்படிப்பட்டவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது என்றாரே, அது மனதை அறுக்கிறது.

என் கடைக்குட்டி ராஜாத்திக்கு இப்போது பதிமூன்று. "ஆத்தா கண்ணு மூடுறதுக்குள்ள பிள்ளை கழுத்துல தாலி ஏறட்டும்னு பெரியவுக சொல்லிட்டாக" என்கிறார் வீட்டுக்காரர். அவர் அக்காள் மகன்தான் மாப்பிள்ளை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "ஒம்பது பெத்தவ ஊர்ல நீ ஒருத்திதானா?" என்கிறார். கெட்டவரில்லை. முகம் சுளிக்காமல் என் துணியை அவர்தான் அலசுகிறார். நாள் மட்டும் குறித்துவிட்டார்.

அக்கம்மாள்


கூடலூர்
19-6-1938

சுகிர்தம்,

இதைக் கொண்டுவருகிறவள் ராஜாத்தி. என் தம்பி மொக்கைச்சாமி யாருக்கும் தெரியாமல் கூட்டி வருகிறான். உன் போர்டிங்கில் சேர்த்துக்கொள். படிப்பில் மந்தம், அடிக்காதே. தானாகத் தலை வாரத் தெரியாது. போகமாட்டேன் என்று சேலையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டேன்.

அவளுக்கு விவரம் தெரியும் வயது வரும்வரை எவனும் தாலி கட்டக் கூடாது. தூரம் நின்ற பிறகு ரத்தம் கண்டால் மறைக்கக் கூடாது என்பதையும் நீதான் சொல்லித்தரவேண்டும்.

அவள் உன்னிடம் இருப்பது எப்படியும் தெரிந்துவிடும்; நான் போனதும் தந்தி வரும். கடைசியாக ஆத்தா முகத்தைப் பார்க்கட்டும் என்பார்கள். அனுப்பாதே. வந்தால் கருமாதி முடிந்த கையோடு தாலி கட்டிவிடுவார்கள்.

அவள் மடியில் தலைவைத்துச் சாகத்தான் எனக்கும் ஆசை. நானே கேட்டு எழுதினாலும் அனுப்பாதே.

அக்கம்மாள்