எது என்னத்துக்கு என்று சொல்லும் புத்தகம்

என் ராசன் தம்பிக்கு,

உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மருமகள் நிதுஷா உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பாடம் எடுத்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டரைத் தானாக நிற்பாட்டுகிற ஒரு மின்சுற்றைச் செய்து பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம். அதற்கு நல்ல இலத்திரனியல் புத்தகம் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றாள்.

என் வயிற்றில் பிறந்தாலும் புத்தி முழுக்க உன்னுடையது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உன்னைக் கூட்டிப் போன நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

புலனாய்வுக்காரர் உன்னை விசாரிக்க வந்த நாளில் இவள் நடை பழகின பிள்ளை. சண்டை முடிந்து, திரும்பக் குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தோம். நீ திருத்திக்கொண்டிருந்த றேடியோவின் உட்பலகையைத் தூக்கிக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். நாள் முழுக்க வாய் ஓயாமல் அதைப் பற்றியே கதைக்கிறவன் நீ. அன்றைக்கு உனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அதையே குற்றமாக எடுத்துக்கொண்டு கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவன் வேறு ஆள், ஒரு வயரைக்கூடப் பிறகு தொடவில்லை. நீ கண்ணை மூடியபோது வைத்தியர் ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொன்னார். நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும்தான்.

புதுக்குடியிருப்பில் அப்படிப் புத்தகம் கிடைக்காது. பஸ் ஏறி, பரந்தனில் மாறி, கிளிநொச்சிக்குப் போனோம். கடையில் நிதுஷா பொருளடக்கத்தைப் பார்த்தாள். நான் படங்களைப் பார்த்தேன். மணிக்கூடு இருக்கிறதா, தூரத்திலிருந்து இயக்குகிற ஏதாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தடவினேன். கண்டால் குண்டு செய்ய என்றுதானே சொல்வார்கள்.

"அக்கா, நீங்களோ சோதினை எடுக்கப் போறியள்?" என்று கடைக்காரப் பெடியன் சிரித்தான்.

"மணிக்கூட்டுப் படம் இல்லாத புத்தகம் ஒண்டு எடுத்துத் தாரும் தம்பி."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மெல்லிய ஒன்றை எடுத்துத் தந்தான். முழுக்கச் சூத்திரமும் வினாவிடையும். எனக்கு மனம் ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு தரம் புரட்டிய நிதுஷாவுக்குத்தான் முகம் விழுந்தது.

"அம்மா, இது பாடமாக்கி எழுதுற புத்தகம். இதை வைச்சுக்கொண்டு ஒரு பல்பும் எரிக்கேலாது."

அடுத்த கிழமை அவளே யாழ்ப்பாணத்துச் சிநேகிதியைப் பிடித்து, தடித்த பழைய புத்தகம் ஒன்றை எடுப்பித்தாள். திறந்தால் கோடும் இலக்கமும் மட்டும்தான். எந்தச் சுற்று என்ன வேலை செய்யும் என்று ஓரிடத்திலும் ஒரு வரி கிடையாது. ஆக்களின் கண்ணில் படாமல் வைத்துப் படி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டாளா?

ஒரு பின்னேரம் அவள் ரியூசனுக்குப் போயிருந்த நேரம், படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர், தலையில் ஹெல்மெட். அந்தப் புத்தகத்தை சொப்பிங் பையில் சுற்றி, குசினிக்குப் பின்னால் வாழையடியில் கிண்டிப் புதைத்துவிட்டுத்தான் முன்னுக்கு வந்தேன். இந்த மண்ணில் நாங்கள் எதைத்தான் புதைக்கவில்லை? நகை, காணி உறுதி, தையல் மெசின். பயம் பிடித்தால் கை தானாக மண்வெட்டியைத் தேடுகிறது.

"அக்கா, கலியாண வீடு இஞ்சாலையோ?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. போய் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். கடைசியில் நிதுஷாதான் கண்டுபிடித்தாள். பக்கங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன்.

"அம்மா, நான் என்ன களவோ செய்யிறன்?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா வருத்தம் வந்து செத்தவர் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டின பக்கங்களைப் பிரிப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னட்டைக் கேட்டா நான் சொல்லுவன் அம்மா."

"பயத்திலை வாய் வராது பிள்ளை."

"அப்ப எல்லாம் எழுதியிருக்கிற புத்தகமா வாங்குவம். கேட்டா விரிச்சுக் காட்டலாம்."

திரும்பவும் கிளிநொச்சிக்குப் போனோம். இந்த முறை இரண்டு பேரும் ஒன்றையே தேடினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் இது என்னத்துக்கு என்று நல்ல தமிழில் இருக்க வேண்டும். செய்து முடித்த பொருளின் படம் இருக்க வேண்டும். எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது, வேலை செய்யாவிட்டால் எங்கே தொட்டுப் பார்ப்பது, எங்கே தொடவே கூடாது என்றும் இருக்க வேண்டும். கடைசித் தட்டில் அப்படி ஒன்று இருந்தது. மணிக்கூடும் இருந்தது, தம்பி. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் விளக்கை நேரத்துக்கு அணைக்க என்று அதன் கீழே எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு வாங்கினேன்.

"படிக்கிறதுக்கும் இதுதானம்மா நல்லது," என்றாள் நிதுஷா. "மற்றதுகள் செய் எண்டு மட்டும்தான் சொல்லுது. இது ஏன் எண்டும் சொல்லுது."

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். நேற்றும் சந்தியில் ஒருவர், "உங்கட பிள்ளை ஏதோ வயர் வேலை செய்யுதாமே," என்றார். வெறும் கதையாகக் கேட்டாரா, வேறு எதற்கும் கேட்டாரா? எனக்கு எப்படித் தெரியும்? இப்போது பின்னேரங்களில் அவளோடு நானும் மேசையில் இருக்கிறேன். கோடு போட்ட சின்னத் துண்டு தடையி, அது மின்னோட்டத்தைக் குறைக்கும் என்று சொல்லத் தெரியும். நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? அப்போது என் காதில் ஏறவில்லையே.

புத்தகம் வாங்கி வந்த அன்று, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுத நிதுஷா பேனையைத் திறந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி, என் முழுப்பெயரையும் விலாசத்தையும் பெரிதாக எழுதினேன்.

"ஏனம்மா? படிக்கிறது நான்தானே?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், இதை என் வாக்காக வைத்துக்கொள். யாராவது வந்து புத்தகத்தைத் தூக்கி, இது ஆருடையது என்று கேட்டால், பிள்ளை வாய் திறக்கும் முன்னே நான் எழும்புவேன்.

பயத்தோடு பாடம் படிக்கிற,
உன் அக்கா