எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

இராஜபாளையம்,
வியாழக்கிழமை காலை

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். நம் மகள் ஜுவைரியாவும் நலம், கணக்குப் பரீட்சையைத் தவிர. உங்கள் உடம்பை அல்லாஹ் நலமாக வைத்திருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, வித்துரு” என்பீர்கள். என் தம்பி அஃப்சல் துபாய்க்கு வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்பும் கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நீங்கள் விற்கச் சொன்ன ஆட்டோ தறி ஓடுகிறது. நிறுத்தி நிதானமாக வாசியுங்கள், நன்றாகவே ஓடுகிறது.

இருவரும் சேர்ந்து பேண்டேஜ் துணி நெய்து ஊரிலேயே பிழைக்கலாம் என்றுதான் துபாய் வெயிலில் வெந்து அதை வாங்கினீர்கள். அது அடிக்கடி நின்று, கம்பெனிக்காரர் வந்து எலக்ட்ரானிக் போர்டை மாற்றியும் சரியாகாமல் போனதும், தறியை விற்றுவிட்டு அங்கேயே இன்னும் சில வருடம் கிடப்பதாக முடிவு கட்டிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

நூல் அறுந்துவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரியும். போய்ப் பார்த்தால் ஓர் இழைகூட அறுந்திருக்காது. போன வாரம் வேலைக்கு வரும் மாரீஸ்வரி வெறுங்காலோடு தறியைத் தொட்டுவிட்டு, “யக்கா, சுள்ளுன்னு இழுக்குது” என்று அலறினாள். எனக்கு உடனே எர்த் மேல் சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியன் முத்துக்குமரனை வரவழைத்துப் பார்த்தால், கொல்லையில் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி வறண்டு கிடக்கிறது. மிஷினில் கசியும் கரண்டை ஈரமில்லாத மண் வாங்காதாம். அது மிஷினிலேயே நின்று சென்சாரைக் குழப்புமாம்.

ஏன் வறண்டது தெரியுமா? எல்லாம் உங்கள் புண்ணியம். நான் சேற்றில் வழுக்கி விழுந்தேன் என்று போன லீவில் கொல்லை முழுக்க டைல்ஸ் பதித்தீர்களே! அதுவரை பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குத்தான் போனது. கோபிக்காதீர்கள், குழியைச் சுற்றி டைல்ஸைப் பெயர்த்துவிட்டேன். தினமும் ஒரு குடம் ஊற்றுகிறேன். தறி பொய் சொல்வதை விட்டுவிட்டது. அம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டர் மிஷின், கேட்டது ஒரு குடம் தண்ணீர்!

தறிக்கு நீங்கள் விலை பேசி முடித்த தளவாய்புரம் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி நேற்று லாரியோடு வந்தார். செத்த நேரம் பார்த்துவிட்டு, “ஓடுத மிஷின ஏம்மா விக்கீக?” என்றார். விற்கவில்லை என்றேன். டீ குடித்துவிட்டு வெறும் லாரியோடு போனார். அவருக்கு நீங்களே போன் செய்து சமாதானம் சொல்லுங்கள்.

மாதக் கடைசியில் கான்ட்ராக்டில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். போட வேண்டாம், மச்சான். தறியை நான் பார்த்துக்கொள்வேன், அதில் எனக்குப் பயமில்லை. நீங்கள் இல்லாமல் இருப்பதுதான் முடியவில்லை.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். கொல்லையில் மறுபடியும் சேறு. வழுக்கினால் என்னைப் பிடிக்க ஆள் வேண்டும்.

உங்கள்
ரமீஜா