வீட்டில் இல்லை

கேம்பிரிட்ஜ்
3 மார்ச் 1873

என் உயிருக்குயிரான ஹனோரியா,

இன்று என் அறநெறி வகுப்பில் ஒரே அமளி! வேண்டாத விருந்தாளி வாசலில் நிற்கும்போது, வேலைக்காரியை விட்டு ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொல்கிறோமே, அது பொய்தானா என்று கேட்டேன். “ஊருக்கே தெரிஞ்ச சம்பிரதாயம் சார், யாரும் ஏமாறலையே” என்றான் ஒருவன். “யாரும் ஏமாறலைன்னா அதை எதுக்குப்பா சொல்றே?” என்றேன். ஜூனில் நம் கல்யாணம் முடிந்ததும், நம் வீட்டு வாசலில் அந்தப் பொய் கேட்காது. சத்தியம்!

உன்
ஆம்புரோஸ்

பாத் நகரம்
9 மார்ச்

அன்புள்ள ஆம்புரோஸ்,

ஜூன் வரை யார் காத்திருப்பது? நான் நேற்றே ஆரம்பித்துவிட்டேன்! பிளென்கின் அம்மாள் வந்து மணியடித்தார். வேலைக்காரி கெஸியாவிடம் உள்ளதைச் சொல் என்றேன். பாவி, அப்படியே சொல்லிவிட்டாள். “அம்மா உள்ளேதான் இருக்காங்க. உங்களைப் பார்க்கத்தான் இஷ்டம் இல்லையாம்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே இந்த ஊர்ல ஒருத்தர் நம்மளைச் சாப்பிடக் கூப்பிடுவாங்களா?” கெஸியாவுக்கோ தலைகால் புரியவில்லை. “இத்தனை வருஷமா உங்க பொய்யெல்லாம் என் வாயாலதானேம்மா போச்சு. நரகத்துக்குப் போறது நீங்களா, நானான்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்” என்றாள். சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் அப்பாவோடு கேம்பிரிட்ஜ் வருகிறேன். ஒரு சந்தோஷச் செய்தி இருக்கிறது, நேரில்தான் சொல்வேன்!

உங்கள்
ஹனோரியா

கேம்பிரிட்ஜ்
19 மார்ச்

கண்ணே,

கோபிக்காதே. ‘மாடியில் உங்கள் குரல் கேட்கிறது’ என்று நீ எழுதி வைத்துப்போன சீட்டைப் பார்த்தேன். ஆமாம், நீ வந்தபோது ‘ஐயா வீட்டில் இல்லை’ என்று வீட்டுக்கார அம்மாள் பார்ஜிட்டரைச் சொல்லச் சொன்னது நான்தான். மறுநாள் சபையில் பேசவேண்டிய ‘உண்மை’ உரையை முடித்துக்கொண்டிருந்தேன். நீயே யோசித்துப் பார். உனக்கு ஒரு சின்ன ஏமாற்றம், அரங்கம் நிறைந்த மக்களுக்கோ எவ்வளவு நன்மை! கூட்டிக் கழித்தால் நான் செய்தது சரிதானே? கைதட்டல் அடங்கவே இல்லை, தெரியுமா!

உன்
ஆம்புரோஸ்

பாத்
23 மார்ச்

ஆம்புரோஸ்,

உங்கள் கணக்கில் பார்ஜிட்டர் அம்மாளைச் சேர்க்கவே இல்லையே? என் முகத்தைப் பார்க்க மாட்டாமல், தரையைப் பார்த்துக்கொண்டு “ஐயா வீட்ல இல்லைம்மா” என்றார். மேலே நீங்கள் உண்மையைப் பற்றி உரக்கப் படித்துக்கொண்டிருந்தீர்கள். ‘வேலையா இருக்கேன், நாளைக்கு வா’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பேன்.

நிச்சயதார்த்த மோதிரத்தை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு நாளாக அழுதேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

நேரில் சொல்ல வந்த செய்தி இதுதான்: பெண்களுக்கென்று தொடங்கியிருக்கும் அறநெறி வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்! அக்டோபரில் ஆரம்பம். பாடம் எடுக்கப்போவது நீங்கள்தானாம். முன் பெஞ்சில் இடம் கேட்டு எழுதிவிட்டேன். கேள்விகள் நிறைய இருக்கின்றன ஐயா, தயாராக வாருங்கள்.

உங்கள் மாணவி,
ஹனோரியா வேஸ்