விடத்தல்தீவுக்குப் போன கிழவன்

என் செல்ல மச்சாள் ஜெனிற்றாவுக்கு,

உன் கேம் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன உன்னைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, உன் அம்மாவால் அதைப் பார்க்கவே முடியவில்லை. "அவள் இல்லாத வீட்டில இது ஏன் பிள்ளை, நீயே கொண்டு போ" என்று மாமி துணியில் சுற்றித் தந்தார். தாழ்வுபாட்டுத் தெருவால் சைக்கிளில் கொண்டுவந்தேன்.

எங்கள் பழைய சண்டை நினைவிருக்கிறதா? விளையாட்டுக்குக் கதை எதற்கு என்பது என் கட்சி. திரையில் ஆட்கள் பேசத் தொடங்கினாலே பட்டனை அழுத்தித் தள்ளிவிடப் பார்ப்பேன். நீ என் கையில் அடிப்பாய். "பொறடி றோசி, அந்த மனுசன் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்." ஓடும் ஆங்கிலத்தை வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுவாய். உன் வாயில் அந்த வாள்சண்டை விளையாட்டின் ராசாவும் எங்கள் ஊர்ப் படகுச் சம்மாட்டி மாதிரித்தான், படகு பிந்தி வந்த கோபத்தில் கத்துவார். நான் சிரித்ததில் வாள் வீச மறந்து, விளையாட்டில் செத்துப்போவேன்.

அதில் ஒரு கிழட்டுப் போர்வீரன் எங்களோடு கூடவே நடந்து வந்தான். இரவில் தீ மூட்டிக் காவல் இருப்பான். ஒரு பாலத்துக்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

"கிழவன் எங்கயடி?"

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். "விடத்தல்தீவில தங்கச்சி வீட்டுக்குப் போட்டார். வருவார்."

அந்த விளையாட்டில் ஏது எங்கள் பக்கத்து விடத்தல்தீவு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாள்சண்டையை விட்டுவிட்டு விளையாட்டுக்குள் ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டினேன். கிழவன் வரவே இல்லை. நாங்கள் அதை முடிக்கவும் இல்லை.

போன கிழமை தனியாக மறுபடி தொடங்கினேன். வேலைக்குப் போனதில் இப்போது எனக்கும் ஆங்கிலம் விளங்குகிறது. பாலத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது: கிழவன் இறந்துவிட்டான். "அடி கள்ளி!" என்று வெறும் கதிரையைப் பார்த்துக் கத்தினேன். பிறகுதான் நினைவு வந்தது. என் அப்பாவை அடக்கம் செய்த கிழமை அது. அழுதுகொண்டு கிடந்த என்னை இழுத்துவந்து கொன்ட்ரோலரைக் கையில் தந்தவள் நீதான். அந்த வரியை எனக்கு முன் நீ வாசித்துவிட்டாய். ஒரு தங்கச்சியையும் அவளுக்கு ஒரு வீட்டையும் எவ்வளவு கெதியாகக் கட்டினாய்! பிறகு எப்போதாவது உண்மையைச் சொல்ல நினைத்தாயா?

எங்கள் பழைய சண்டையில் நீதான் வென்றாய், மச்சாள். யாரை வெட்டினேன், எங்கே வென்றேன், ஒன்றும் நினைவில்லை. தட்டிய கதவுகள் நினைவிருக்கின்றன. ஆனால் வென்றதைச் சொல்லிக்காட்டி என்னைச் சீண்ட நீ இல்லையே. ராசாவின் பேச்சை நானே உரக்க வாசித்துப் பார்த்தேன். கோயிலில் அறிவித்தல் வாசிப்பது போல இருந்தது. நீ இல்லாமல் எனக்கு ஏலாமல் இருக்கிறது.

நேற்று பஸ் நிலையத்தில் எங்களோடு படித்த ஒருத்தியைக் கண்டேன். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள், ஒன்றும் தெரியாது. "ஜெனிற்றா எங்கயடி, காணேல்லை?" என்றாள்.

"விடத்தல்தீவுக்குப் போட்டாள்."

என் வாய்தான் சொன்னது. "எப்ப வருவாள்?" என்று கேட்டாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இனி யாருடைய பேச்சையும் தள்ளிவிட மாட்டேன். பாலத்துக்கு அப்பால் உள்ள எல்லா ஊருக்கும் போவேன். ஒவ்வொரு கதவையும் தட்டுவேன். இந்த முறை தேடுவது இரண்டு பேரை.

உன் பொய்யை இன்னும் நம்புகிற
மச்சாள் றோசி