பாயான் லெப்பாசில் ஒரே ஓர் இடம்

டீச்சர்,

நேற்று பட்டர்வொர்த்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தின் நடுவில் குளிர்பெட்டி. அதன் கண்ணாடி மூடியில் கை வைத்தேன். உள்ளங்கையில் ஏறிய குளிர் என்னை உங்களிடம் கொண்டுபோய்விட்டது. இறந்தவரின் மகன் மெல்பர்னிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாசலில் கூடாரத்தின் கீழே சில இளைஞர்கள் அவருடைய விமானம் எங்கே பறக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாலி தாண்டிட்டான் அண்ணே."

"அப்பவும் பாலின்னுதானே சொன்னே லா!"

"அது ஏரோப்ளேன் அண்ணே. என் மோட்டார் சைக்கிளா, முறுக்கி விட?"

கடலைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஆறாம் ஆண்டு வகுப்புச் சுவரில் விமான வரலாற்றுப் படம் ஒன்றை ஒட்டியிருந்தீர்கள். துணி இறக்கை வைத்தது முதலில். பிறகு நான்கு சுழல்விசிறி வைத்த பயணியர் விமானம், அடுத்து ஜெட், கடைசியில் மாடி வைத்த பெரிய விமானம். நான் பாடம் நடத்தியது பக்கத்து அறையில் என்பதால் உங்கள் பாடம் எனக்கும் கேட்கும். "படத்துல விமானம் பெருசாகிட்டே போகுது. சரி, நம்ம வீட்டுல என்ன மாறுச்சு? அதைச் சொல்லுங்க" என்பீர்கள். பிள்ளைகள் விழிப்பார்கள். நீங்களே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வீர்கள், உங்கள் அப்பாவின் மரணத்தை. அவர் இந்தியாவுக்குப் போன இடத்தில் இறந்தார். இங்கே மலாயாவுக்குத் தந்தி வந்தது. கப்பல் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். நீங்களும் தம்பியும் வீட்டிலேயே தலை முழுகிவிட்டுப் படத்துக்கு மாலை போட்டீர்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அங்கே யாரும் காத்திருக்கவும் இல்லை.

ஜெட் விமானம் வேகத்தைக் கொண்டுவந்தது என்று பாடநூலில் இருந்தது. காத்திருக்கும் வழக்கத்தையும் அதுதான் கொண்டுவந்தது என்பதை உங்கள் அம்மா இறந்த அன்று தெரிந்துகொண்டேன்.

அவர் தாம்பரத்தில் உங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தார். காலையில் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "ஐஸ் கட்டி வச்சிருக்கோம். மகனை ப்ளேன்ல அனுப்புங்க" என்றார் பெரியப்பா. உங்கள் தம்பி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தார். என் காரில் மூவரும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போனோம். மத்தியானம் மெட்ராசுக்குப் போகும் விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மறுநாள் சிங்கப்பூர் வழியாகப் போவதில் இன்னோர் இடம் கிடைக்கும் என்றார் டிக்கெட் முகப்பில் இருந்த பெண்.

தம்பி தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். கொள்ளி வைக்க வேண்டியவர் அவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"நான் முதல்ல போறேன் தம்பி."

"அக்கா, நான்தானே..."

"நீதான் வைக்கணும். அதனாலதான் சொல்றேன். நீ நாளைக்கு வந்தாலும் உனக்காக வச்சிருப்பாங்க. நான் நாளைக்கு வந்தா எனக்காக யாரு வச்சிருப்பா? நீ இன்னிக்குப் போய் இறங்கின உடனே தூக்கிடுவாங்க. நான் சாம்பலைத்தான் பாக்கணும்."

முகப்புப் பெண் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ப்ளேன் லேட்டானா?" என்று கேட்டார் தம்பி.

"அங்க நான் இருப்பேன்ல."

தம்பி பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, போ. ஐஸ் கரையாம பாத்துக்க" என்றார். அழுதுகொண்டே சொன்னார். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்.

தம்பி பயந்தபடியே மறுநாள் விமானம் தாமதமாகிவிட்டது. அங்கே நடந்ததைத் திரும்பி வந்த பிறகு ஆசிரியர் அறையில் சொன்னீர்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், பெரியப்பா மகனே கொள்ளி வைக்கட்டும் என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்களாம். நீங்கள் அம்மாவின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. "என் தம்பி இன்னும் ஆகாயத்துல இருக்கான். அவன் இறங்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றீர்களாம். மலாயாக்காரிக்கு வாய் நீளம் என்று ஏசியிருக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு தம்பி வந்து சேர்ந்தார். காரியம் அவர் கையால்தான் நடந்தது.

"நல்லா ஏச்சு வாங்கினேன் சார். ஆனா ஒரு ராத்திரி முழுக்க அம்மா முகத்தைப் பாத்தேன்" என்றீர்கள். அப்புறம் மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் படத்தில் இல்லாத விமானங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. மலிவுக் கட்டணமும் வந்து, பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல் சென்னைக்குப் போய்வருகிறார்கள். ஆனாலும் துக்க வீட்டில் நேரம் குறிக்கும்போது மகன் எப்போது இறங்குகிறார் என்பதுதான் இன்னமும் முதல் பேச்சு. அதைக் கேட்டு முடித்ததும் "பொண்ணு எப்ப இறங்குது?" என்று நான் கேட்பேன். சில வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். சில வீடுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு யாராவது கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள். அவர்கள் திரும்பி வந்து ஒரு நேரத்தைச் சொல்லும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, டீச்சர்.