ஏணி தூக்கியவன்

ஏனாத்தூர் காலனி,
14-2-1967

சிரஞ்சீவி யேசுதாசுக்கு அம்மா கங்கையம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் மகனும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். உன் இருமலைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்டால் எனக்குத் தெரியாதா? உன் கையெழுத்து நடுங்குகிறதே, அது சொல்லாதா?

சுரங்கத்தில் மகன் பெயரைப் பதியச் சொல்கிறார்கள், இப்போது விட்டால் கிடைக்காது, தனசேகரனைத் தங்கவயலுக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். உன்னை அந்தக் குழிக்குக் கொடுத்ததே போதும். உன் பெண்டாட்டி கண்மூடியதும் மூன்று வயதுப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாயே, அன்றைக்கே சொன்னேன். இவன் வெளிச்சத்தில் வேலை பார்ப்பான் என்றேன். அதில் மாற்றம் இல்லை.

அவன் செய்கிற வேலையை நீ பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் இப்போது வீட்டுக்கு வீடு கரண்டு இழுக்கிறார்கள். தறிக்கு மேலே ஒரு விளக்கு தொங்கினால் சாயங்காலமும் நெய்யலாம் என்று எல்லாருக்கும் ஆசை. கலியாணசுந்தரம் என்று ஒரு எலக்ட்ரிக் கண்டிராக்டர் இருக்கிறார். அவரிடம்தான் மூன்று வருஷமாக தனசேகரன் இருக்கிறான். சுவரில் கட்டை அடிப்பது, ஒயர் ஓட்டுவது, பலகையில் ஸ்விட்ச் பொருத்துவது எல்லாம் இவன். கண்டிராக்டர் கடைசி நாள் வெள்ளை வேட்டியில் வந்து ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். லைசென்ஸ் அவரிடம் இருக்கிறது. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் கனெக்சன் கொடுக்க மாட்டார்கள்.

நம் பிள்ளை உள்ளே போக வேண்டியிருப்பதால் போக விடுகிறார்கள். அவன் தலை மறைந்ததும் வீட்டைக் கழுவுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அவனோ சிரிக்கிறான். "தரைய நல்லா கழுவுங்கமா, பலகைல மட்டும் தண்ணி படக்கூடாது, கரண்டுக்கு ஜாதி தெரியாது" என்று சொல்லிவிட்டு வருகிறானாம். உன் வாய் அவனுக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெட்ராஸில் ஒயர்மேன் பரீட்சை வைக்கிறார்கள். பாஸ் பண்ணினால் இவன் பெயருக்கே லைசென்ஸ். ஆனால் லைசென்ஸ் உள்ள ஒரு கண்டிராக்டர், இவன் என்னிடம் இத்தனை வருஷம் ஒயரிங் செய்தான் என்று எழுதிக் கொடுத்தால்தான் பரீட்சைக்கு உட்காரவே விடுவார்கள். கலியாணசுந்தரம் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நானே போய்க் கேட்டேன். "ஒன் பேரன் எனக்கு வலது கை மாதிரி கங்கா" என்றார். எனக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது, அவர் என்னைக் கங்கா என்கிறார். இருக்கட்டும். எழுதிக் கொடுத்தால் சரி.

நம் வீட்டிலும் கூரை வளையில் ஒயர் ஓட்டி ஒரு ஹோல்டர் மாட்டி வைத்திருக்கிறான். காலனிக்குக் கம்பம் வந்தது, வீட்டுக்கு வரவில்லை. லைசென்ஸ் வந்ததும் என் கையெழுத்துலேயே நம்ம வீட்டுல லைட் எரியும் ஆயா என்கிறான். பல்பு இல்லாத அந்த ஹோல்டரில் குருவி உட்காருகிறது.

சுரங்கத்து எஜமானரிடம் என் பேரன் வரமாட்டான் என்று சொல்லிவிடு. வாசகம் குறைவாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் தாய்,
கங்கையம்மாள்


ஏனாத்தூர் காலனி,
9-10-1967

யேசுவுக்கு அம்மா எழுதுவது. மழை பிடித்துக்கொண்டது. கூரையில் வடக்கு மூலை ஒழுகுகிறது. ஆடு குட்டி போட்டு, ஒன்று தங்கியது. இவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

பரீட்சைக்கு எழுதிப் போட்டது திரும்பி வந்துவிட்டது. நீ ஒயரிங் வேலை செய்தவன் இல்லை, தகுதி இல்லை என்று போட்டிருக்கிறார்கள். மெட்ராஸ்காரர்கள் மேல் தப்பு இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? கலியாணசுந்தரம் என்ன எழுதிக் கொடுத்தாரோ அதைப் பார்த்தார்கள். இங்கிலீஷில் இருந்ததால் நம் பிள்ளையும் படிக்காமல் அனுப்பிவிட்டான். பாதிரியாரிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். ஏணி தூக்குவது, சாமான் சுமப்பது, சுவரில் துளை போடுவது ஆகிய கூலி வேலைக்கு இவனை வைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறார். பாதிரியார் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் கண்டிராக்டர் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன். கோபமே படவில்லை யேசு, சிரித்தார். "இவனுக்கு லைசென்ஸ் வந்தா நாளைக்கு யாரு எனக்கு வேலை செய்யறது? இவன் பேர்ல போர்டு போட்டா எந்த வீட்டுல உள்ள வுடுவாங்க? நான் இருக்கக்கொண்டு வுடறாங்க. ஒன் பேரன் நல்லதுக்குத்தான் செஞ்சேன், போ" என்றார்.

வேறு கண்டிராக்டரிடம் போகக் கூடாதா என்று நீ கேட்பாய். டவுனில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். ஒருவருக்கு ஒருவர் மாமன் மச்சான். ஒருவரிடம் போனான். "கலியாணசுந்தரம் ஆளாச்சே, ஏணி தூக்கத் தெரியும்ல?" என்று கேட்டாராம். அதற்குள் அங்கே போய்விட்டது பேச்சு.

தனசேகரன் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டான். நான்தான் போகாதே என்றேன். "போகாத என்னா பண்றது ஆயா, வேற எங்க ஒயர தொட வுடுவாங்க?" என்றான். அந்தத் தொழில் மேல் அவனுக்கு அப்படி ஓர் ஆசை.

சுரங்கத்தில் இன்னும் பெயர் பதிகிறார்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறாய். எழுதாதே. அடுத்த வருஷமும் பரீட்சை வைப்பார்கள்.

இருமலுக்கு ஆடாதோடை கொடுத்தனுப்ப ஆள் தேடுகிறேன்.

அம்மா


ஏனாத்தூர் காலனி,
21-3-1968

என் மகன் யேசுதாசுக்கு,

இரண்டு மாதம் நான் எழுதவில்லை. உன் கடிதங்கள் வந்தன. படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் இருந்து சொல்கிறேன், பதறாமல் படி. பிள்ளை உயிரோடு, கை கால் சுகமாக இருக்கிறான்.

தை மாசம் பிள்ளையார்பாளையத்தில் பட்டம்மாள் என்கிற அம்மாள் வீட்டில் ஒயரிங் நடந்தது. மூன்று தறி ஓடுகிற வீடு. வேலை முடித்து, கண்டிராக்டர் வந்து ஸ்விட்சைத் தட்டிக் கையெழுத்துப் போட்டு, கனெக்சனும் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக ஒரு விளக்கை இடம் மாற்றி வைக்கச் சொன்னார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை இவன் மறுபடி போய்ச் செய்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் அந்த வீட்டு மருமகள் காந்தாவுக்கு ஸ்விட்சைப் போடும்போது கரண்டு அடித்துவிட்டது. தூக்கித் தறி மேல் எறிந்ததாம். உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல் கருகி மடங்கிவிட்டன. ஜரிகை சுற்றுகிற கை.

அன்று ராத்திரியே போலீஸ் வந்து தனசேகரனைச் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் இல்லாதவன் செய்த வேலையால் வந்த விபத்து என்று கேஸ்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நம் பிள்ளை வயசுதான் இருக்கும். மாமியார் காப்பி வாங்க வெளியே போயிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் அழுதாள். "ஆயா, அவர் தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனார். அத்தைதான், அவன் கைபட்ட பலகை, வெள்ளிக்கிழமை அதுவுமா அப்படியே வுடுவியான்னு திட்டினாங்க. மஞ்சத்தண்ணி வச்சு நான்தான் ஸ்விட்சு, பலகை எல்லாம் தேச்சேன். ஈரம் காயறதுக்குள்ள வெளக்கு வைக்கற நேரம் ஆயிடுச்சு" என்றாள்.

இதை நீ போலீசிடம் சொல்லு தாயி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று அவள் காலைத் தொடப் போனேன். நான், கங்கையம்மாள், ஒருத்தர் காலைத் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அதற்குள் பட்டம்மாள் கையில் டம்ளரோடு வந்துவிட்டாள். பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை. போலீசிடமும் இல்லை, கோர்ட்டிலும் இல்லை. நான் அவளைச் சபிக்கவில்லை. அவள் அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் போய் நானே சொன்னேன். எழுதுகிற ரைட்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஆயா, பலகைய கழுவினாங்கன்னு எழுதினா ஏன் கழுவினாங்கன்னும் எழுதணும். அது வேற கேஸ் ஆயிடும். அந்த வம்பு யாருக்கு வேணும்? ஒனக்கும் வேணாம்" என்றார். தீண்டாமைக்குச் சட்டம் இருக்கிறது என்று நமக்குச் சொல்கிறார்கள். இருக்கிறதாம். அதனால்தான் எழுத மாட்டார்களாம்.

கலியாணசுந்தரமும் அங்கே இருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். "சாமான் வாங்கிக் குடுத்தது மட்டும்தாங்க நான். ஒயரிங் பூரா இவன்தான். மூணு நாலு வருஷமா தனியாவே செய்யறவன், தெரிஞ்ச வேலைன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று சொன்னார். என் காது கேட்கச் சொன்னார் யேசு. புரட்டாசியில் ஏணி தூக்கியவன், தை மாசத்தில் தனியாக ஒயரிங் செய்கிறவனாகிவிட்டான். "ஐயா, ஏணி தூக்கறவன் எப்படிங்க ஒயரிங் பண்ணான்?" என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரைட்டர், "ஆயா, வெளிய இரு" என்றார்.

வெளியே போகுமுன் அவர் எழுதிய காகிதத்தைப் பார்த்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றதால் எழுத்து தலைகீழாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவள், தலைகீழாகவும் படிப்பேன். பெயர் தனசேகரன். தகப்பன் பெயர் யேசுதாஸ். தொழில் என்ற இடத்தில் ஒயர்மேன் என்று போட்டிருந்தது. இத்தனை வருஷம் நாம் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். போலீஸ் ஸ்டேஷனில் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். பிள்ளை ஒத்துக்கொண்டான். நான் செய்யாத தப்பை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கடைசி வரை நின்றிருப்பேன். அவன் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான், ஜட்ஜிடம் ஆமாம் என்றான். கோர்ட்டு வாசலிலேயே வக்கீல் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கேஸ் அவன் பேரில் இருக்கும்போது இனி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டுப் பிரயோஜனம் இல்லையாம்.

போன வாரம் கலியாணசுந்தரம் ஆள் அனுப்பினார். நடந்தது நடந்து போச்சு, நான் கட்டிய அபராதத்தைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன், வேலைக்கு வரச் சொல்லு என்று. வந்த ஆளை நான் பேசிய பேச்சு காலனி முழுக்கக் கேட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தால் உன் பிள்ளை வளையில் ஏறி நிற்கிறான். அந்த ஹோல்டரைக் கழற்றிக்கொண்டு இருக்கிறான். ஒயரைத் துண்டு போடாமல் அழகாகச் சுருட்டி, ஆணியைக்கூட ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டான். "ஏன்டா?" என்றேன். "இது லைசென்ஸ் இல்லாதவன் போட்டது ஆயா, ஒனக்கு ஷாக் அடிச்சிடப் போவுது" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

யேசு, இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. பெயர் பதிந்துவிடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற்றிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு நீயே வந்துவிடு, நீ கடைசியாகப் பார்த்தபோது சின்னப் பிள்ளை, இப்போது உன்னைவிட உயரம். வெள்ளைச் சட்டை போட்டிருப்பான். பெட்டியில் ஆடாதோடை இலையும், உனக்குப் பிடித்த எள்ளுருண்டையும், அடியில் அவன் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருக்கும். வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தான். நான் திரும்ப வைத்தேன். நீ அதை அவனிடம் கேட்காதே.

மேலே ஏதாவது கரண்டு வேலை இருந்தால் யாரையாவது கேட்டுப் பார். அங்கேயும் அதற்கு லைசென்ஸ் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுப் பார் என்றுதான் சொல்கிறேன். இல்லை, கீழேதான் இறக்க வேண்டும் என்றால் உன் பக்கத்திலேயே வைத்துக்கொள். இறங்குவதற்கு முன்னால் தலையில் மாட்டுகிற விளக்கை அவனையே சரிபார்த்துக்கொள்ளச் சொல். உன்னுடையதையும் அவனிடமே கொடு. அது அவனுக்குத் தெரிந்த வேலை. அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள் அல்லவா?

கர்த்தர் உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்திருக்கட்டும். அவன் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு. இனியும் இங்கே நான் சிம்னி விளக்கில்தான் படிப்பேன், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

உன்னைப் பெற்றவள்,
கங்கையம்மாள்