முன்கண்ணாடியில் பொறித்த வருடம்

நம் வாயாடி மகளின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இப்போது எனக்குப் பட்டறையைப் பெருக்கும் வேலை. பதறாதே, சொல்கிறேன். விற்பனைக்கு வந்த பழைய கார் ஒன்றில் எல்லாப் பாகங்களும் அது தயாரானபோதே இருந்தவைதான் என்று நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முன்கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த வருடமோ காருக்கு ஒன்பது வருடம் பிந்தியது; கண்ணாடி பிறகு மாற்றியது.

“அதைத் தேய்ச்சு எடுத்துடு. எவன் குனிஞ்சு பார்க்கப்போறான்?” என்றார் முதலாளி.

“நான் பார்த்துட்டேனே சார்.”

“பெரிய அரிச்சந்திரன்! அப்போ துடைப்பத்தை எடு.”

எடுத்துக்கொண்டேன். வாங்க வந்தவர் என் கையெழுத்தைத்தான் கேட்கிறார். கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்குகிறேன். வேலையே போனாலும் தேய்க்கமாட்டேன்.

என் நீலச் சட்டையில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டது. அதன் ஜோடி உன் தையல் டப்பாவில் இருக்கும், அனுப்பு. அதே மாதிரி இங்கே கடையிலும் கிடைக்கிறது. ஆனால் அது நம் வீட்டிலிருந்து வந்ததில்லையே. நீ தைக்கும் நூலும் கொஞ்சம் சுற்றி வை.

முதலாளி வருகிறார், முடிக்கிறேன். பெருக்கத்தான் குனிவேன், கையெழுத்துப் போட இல்லை.

உன் பிடிவாதக்காரன்